சத்தம் கெடுக்காத காதுகள்

சென்ற மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, பழையவர்கள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். பழையவர்கள் என்றால் இப்போது நான் ஒருத்திதான். மற்றவர்கள் செத்துப் போனார்கள், இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போய்விட்டார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மெஷின் என்று அவர்கள் காட்டியது சிலேட்டு அளவில் ஒரு சாமான். ஹெட்போனை மாட்டித் திரையைத் தொட்டால், கொஞ்ச நேரத்தில் காது எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று அதுவே படம் போட்டுவிடுகிறது. ஏன் கெட்டது என்றும் சொல்கிறது. கடைசி வரியில், 'சாத்தியமான காரணம்: தொழிற்சாலை இரைச்சல்' என்று வந்தது. சோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ போடுகிறவர்.

நான் சிரித்துவிட்டேன்.

"ஏன் மேடம் சிரிக்கறீங்க?" என்று கேட்டாள் அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்.

"இதுகிட்ட ஊர்ப் பேரைச் சொல்லியிருக்கீங்களா?"

"ஆமாங்க மேடம். வயசு, ஊரு எல்லாம் கேக்கும்."

"அப்படித்தான் நெனச்சேன். திருப்பூர்னு சொன்னதுமே சத்தம்னு சொல்ற மெஷின் ஒண்ணு உங்களுக்கு முன்னாலயே இங்க இருந்துச்சு கண்ணு. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு, சட்டைப் பையில காது சோதிக்கற இசைக்கவை சொருகிக்கிட்டு நடக்கும்."

அவர்களுக்குப் புரியவில்லை. அதை எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதித் தருகிறேன். நன்றியுரையில் என்னை 'அம்மா' என்று நாலு தடவை சொன்னதற்காக இதில் எதையும் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

நான் தாராபுரத்துக்காரி. மைசூரில் காதைச் சோதிக்கப் படித்தேன். ஊருக்குத் திரும்பியபோது என் பெரியப்பா, "காதைப் பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டார். படித்ததைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வேலை கிடைத்தது திருப்பூரில். பனியன் கம்பெனிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த காலம்.

எனக்குக் கொடுத்த அறைக்குச் 'சத்தம் புகா அறை' என்று பெயர். அதைக் கட்டிய புண்ணியவான் ஜெனரேட்டர் ஷெட்டுக்கு அடுத்த சுவரில் கட்டியிருந்தார். கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓடும். அது ஓடினால் என் அறை மாவு மில் ஆகிவிடும். அப்போது சோதனையை நிறுத்திவிட்டு நோயாளியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மின்வெட்டுக் காலங்களில் நான் காதுகளைப் பார்த்ததைவிட முகங்களைப் பார்த்ததுதான் அதிகம். அது பிற்பாடு உதவியது.

காதைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு வராது. சிவப்பு ஹெட்போன் வலக்காதுக்கு, நீலம் இடக்காதுக்கு. கையில் ஒரு பட்டன் கொடுப்போம். மெல்லிசாகச் சத்தம் வந்தாலும் அமுக்குங்கள், சந்தேகமாக இருந்தாலும் அமுக்குங்கள் என்று சொல்வோம். முதலில் நன்றாகக் கேட்கிற சத்தத்தைக் கொடுத்து, அதைப் படிப்படியாகத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும். கேட்காத இடம் வந்ததும் கொஞ்சம் ஏற்றி, மறுபடி தாழ்த்தி, மறுபடி ஏற்றி, விளிம்பைப் பிடிக்க வேண்டும். தாள லயத்தோடு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கெட்டிக்காரன் கேட்காமலே தாளத்துக்கு அமுக்குவான். நஷ்ட ஈடு கேட்டு வருகிறவன் கேட்டும் அமுக்க மாட்டான். அவன் கண் இமைக்கும். அதைப் பார்க்க வேண்டும். சிறுபிள்ளைகளாக இருந்தால் பட்டன் வேலைக்கு ஆகாது. நான் டி-ஷர்ட்டில் தைக்கிற பொத்தான்களை ஒரு கை அள்ளிக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒன்றை டப்பாவில் போடச் சொல்வேன். பிளாஸ்டிக் டப்பா. எவர்சில்வர் கிண்ணம் வைத்தால் பிள்ளைகள் பொத்தான் விழுகிற சத்தத்தில் மயங்கி எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் கனகராஜ். அறுவை சிகிச்சையில் கைராசிக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன். செவிப்பறையில் ஒட்டுப் போட அவரைத் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். ஆனால் கத்தி எடுக்க வழியில்லாத நோயாளி அவருக்கு ஈக்குச் சமம். வந்து நிற்கிறவரிடம் பெயரைக் கேட்க மாட்டார். "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார். நோயாளியை நேராகப் பார்க்க மாட்டார், பக்கவாட்டில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்ப்பார். அந்த ஆள் கம்பெனிப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "சத்தம். பஞ்சு வெச்சுக்கோ. அடுத்தது" என்பார். அதன்பிறகுதான் சீட்டு என்னிடம் சோதனைக்கு வரும். தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு.

இத்தனைக்கும் சத்தத்தால் கெட்ட காதை எப்படி அடையாளம் காண்பது என்பதை எனக்கு அழுத்தமாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இரைச்சல் காதின் எல்லா இடத்தையும் ஒரேயடியாகக் கெடுக்காது. கீச்சுக் குரல் பக்கம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பள்ளம் தோண்டும். படத்தில் கோடு நன்றாக வந்துகொண்டே இருந்து அந்த இடத்தில் குழியில் இறங்கி மறுபடி ஏறும். "அம்மிணி, அந்தக் குழியைப் பாத்தீங்கன்னா பாஷை தெரியாதவன் வந்து உக்காந்தாலும் அவன் துணி பின்ற நெட்டிங் மெஷின்காரன்னு சொல்லிப்போடலாம்" என்பார். உண்மைதான். குழி இல்லாத காது வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை.

எஸ்தர் வந்தது அந்தச் சமயத்தில். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கல்யாணமானதிலிருந்து அனுப்பர்பாளையத்தைத் தாண்டி ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் தோட்டத்தில், கம்பெனியை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தாள். புருஷன் அதே கம்பெனியில் டெய்லர். இவள் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வந்த துணியைக் குழல் விளக்கின் கீழே விரித்து ஓட்டை, கறை பார்க்கிற வேலை. பனியன் கம்பெனியிலேயே வாய் பேசாமல், மெஷின் ஓடாமல் நடக்கிற வேலை அது ஒன்றுதான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஜெனிட்டாவைக் கூட்டி வந்திருந்தாள்.

"டீச்சர் இவள மக்குன்னு சொல்லுதாவ மேடம். வேற ஸ்கூல் பாருங்கன்னுட்டாவ" என்றாள் எஸ்தர். "இவ மக்கு கெடையாது. நேருக்கு நேர நின்னு சொன்னா அம்புட்டையும் திருப்பிச் சொல்லுவா. பெறத்தால நின்னு கூப்ட்டாத்தான் திரும்ப மாட்டேங்கா."

சீட்டில் டாக்டர் கனகராஜின் கையெழுத்தில் 'சத்தம்' என்று எழுதியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு.

ஜெனிட்டாவிடம் பொத்தான்களைக் கொடுத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் பொத்தான் விழுவது நின்றது. இரண்டு காதும் இறங்கியிருந்தன. எந்த இடத்திலும் குழி இல்லை. கனத்த ஒலி, கீச்சு ஒலி எல்லாமே ஒரேமாதிரித் தாழ்ந்து, கோடு தரையோடு தரையாகப் போனது. காதுக்குள் அழுக்கு இல்லை, சீழ் இல்லை. நரம்புப் பக்கத்துக் குறை. பிறக்கும்போது நன்றாகக் கேட்டது, மூன்று வயதில் பாட்டெல்லாம் பாடுவாள் என்றாள் எஸ்தர். பேசும்போது எஸ்தரும் என் வாயைத்தான் பார்த்தாள். அவளையும் உட்கார வைத்துச் சோதித்தேன். அதே கோடு.

படங்களை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"சொந்தத்துல கட்டியிருப்பாங்க" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

"இல்லீங்க சார். கேட்டேன். அசல்."

"அப்பச் சத்தம்."

"குழி இல்லீங்களே சார். இந்தம்மா செக்கிங்ல இருக்காங்க. அங்க சத்தமே கெடையாதுங்க."

"வீடு கம்பெனிக்குள்ளதான இருக்குது? அது போதும் அம்மிணி. எல்லாத்துக்கும் காரணம் தேடிக்கிட்டு இருந்தா ஆஸ்பத்திரி நடத்த முடியாது."

இதுதான் அவர். தெரியாதவர் இல்லை. தெரிந்துகொண்டால் மேற்கொண்டு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதால் தெரிந்துகொள்ளாமல் இருந்தவர். இப்படிப்பட்டவர்களைத்தான் நாட்டில் மூத்தவர்கள் என்று முன்வரிசையில் உட்கார வைக்கிறோம்.

அடுத்த மாதம் அந்தக் கம்பெனியின் முதலாளியே வந்தார். சென்னியப்பன் என்று பெயர். காடு கழனி உள்ள குடும்பம். சோளம் விதைத்த இடத்தில் லைன் வீடு கட்டி, பருத்தி குவித்த இடத்தில் ஏற்றுமதிக் கம்பெனி வைத்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெளிநாட்டு வாட்ச். ஏழெட்டு வருஷமாகக் காது மந்தமாகி, இப்போது வெளிநாட்டுக்காரர்கள் பேசுவது சுத்தமாகக் காதில் விழுவதில்லையாம். அவர்கள் பேசுவது காதில் விழுந்தால் மட்டும் என்ன புரியப் போகிறது என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அவர் ஏசி அறையைவிட்டு வெளியே வராத மனிதர். படத்தில் குழி இல்லை. எஸ்தருக்கும் ஜெனிட்டாவுக்கும் வந்த அதே கோடு, இன்னும் தாழ்வாக.

சோதனை முடிந்து பட்டனைத் திரும்ப வாங்கும்போது அவர் உள்ளங்கை என் விரலில் பட்டது. மணல் காகிதம்போல் சுரசுரத்தது. பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கம்பு மணி ஒட்டிவைத்ததுபோல் சின்னச் சின்னக் காய்ப்புகள். இந்த மனிதர் மண்வெட்டி பிடித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். இதே கையை எங்கே பார்த்தேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எஸ்தர் பட்டனை நீட்டியபோது பார்த்தேன். செக்கிங் மேஜையில் துணி தடவித் தடவிக் காய்த்தது என்று அன்று நினைத்தேன்.

"ஏனுங்க, கை எப்பிருந்துங்க இப்படி?" என்று உரக்கக் கேட்டேன்.

"அதுங்களா? பரம்பரைங்க. எங்கப்பனுக்கும் இப்படித்தான். கால்லயும் இருக்குது. பாதம் ரெண்டும் எறும்பு ஊர்றாப்பல ஒரு மதமதப்பு" என்றார். சட்டைப் பொத்தானைத் திறந்து மார்பைக் காட்டினார். புழுதியில் நாலு தூறல் விழுந்தாற்போல் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள்.

அவருக்குப் பரம்பரை என்றால் எஸ்தருக்கு என்ன பரம்பரை? தூத்துக்குடிக்கும் திருப்பூருக்கும் எந்தக் காலத்தில் சம்பந்தம்? இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான்.

மாடியில் தோல் பிரிவில் டாக்டர் மும்தாஜ் இருந்தார். சின்ன வயது. கல்கத்தாவில் மேல்படிப்புப் படித்து வந்தவர். எஸ்தரை மறுபடி வரவழைத்து அவரிடம் கூட்டிப் போனேன். அவர் எஸ்தரின் கையை விரித்துப் பார்த்தார், செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தார். ஜெனிட்டாவின் முதுகையும் பார்த்தார்.

"தண்ணி எங்கம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எங்க லைன் போர்த் தண்ணிதான் டாக்டர். ஓனர் வீட்டுக்கும் அதுதான். பிள்ளைக்கு நான் காய்ச்சித்தான் குடுப்பேன். நல்லா கொதிக்க விட்டு, பாதியா வத்த வச்சு."

டாக்டர் மும்தாஜ் என்னைப் பார்த்தார். "வங்காளத்துல ஊர் ஊரா இந்தக் கையைப் பாத்திருக்கேன் சிஸ்டர். ஆர்சனிக். நம்ம ஊர்ல சொல்ற பாஷாணம். நிறமில்ல, மணமில்ல, ருசியில்ல. காய்ச்சினா தண்ணிதான் வத்தும், அது அப்படியே தங்கிரும்."

எஸ்தர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'காய்ச்சினா' என்ற சொல் அவளுக்கு விளங்கிவிட்டது. மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

திருப்பூர்த் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாயமும் உப்பும் இறங்கி, எங்கள் பக்கத்தில் பல கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போய்விட்டது. இந்தச் சீரில் ஒருவர் தோட்டத்தில் பாறையைத் துளைத்துப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் இனிப்பான தண்ணீர் வந்தால் அவர் ஊரில் பாதிச் சாமி. சென்னியப்பனின் அப்பா போட்ட போர் அது. குடியிருந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். வழக்கமாக முதலாளிகள் தொழிலாளியை ஏமாற்றித் தாங்கள் நன்றாக இருப்பார்கள். இவர் தானும் குடித்துத் தன் குடும்பத்துக்கும் கொடுத்துத் தர்மமும் செய்து எல்லோரையும் ஒன்றாகக் கெடுத்திருந்தார்.

தண்ணீரைப் பரிசோதிக்க முறைப்படி அனுப்பினோம். குடிக்க உகந்தது என்று பதில் வந்தது. உப்பு பார்த்தார்கள், கடினத்தன்மை பார்த்தார்கள், கிருமி பார்த்தார்கள். ஆர்சனிக் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கத்துல அது இருக்காதுங்க, அதனால பாக்கறதில்லீங்க" என்றார் அதிகாரி. பார்க்காததால் இல்லை, இல்லாததால் பார்க்கவில்லை. இந்தச் செக்கில் எத்தனை பேர் ஆயுசு முழுக்கச் சுற்றி ஓய்வூதியம் வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா? பிறகு டாக்டர் மும்தாஜ் கோயம்புத்தூரில் தனக்குத் தெரிந்த இடத்தில் கொடுத்துப் பார்த்தார். வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

டாக்டர் கனகராஜிடம் சொன்னேன். "நீங்க காதைப் பாருங்க அம்மிணி. கிணத்தை எட்டிப் பாக்காதீங்க" என்றார்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் மும்தாஜும் நானும் சென்னியப்பனின் தோட்டத்துக்குப் போனோம். அவரிடம் தனியாக, மரியாதையாக, மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம். மனிதர் லைன் வீடுகளுக்கு எதிரே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடுமுறை நாள் என்பதால் தண்ணீர்க் குழாயில் கூட்டம். நான் சோதித்துக் கொடுத்த காது மெஷின் அவர் காதில் இல்லை. வீட்டில் கழற்றி வைத்துவிடுவாராம், கௌரவக் குறைச்சல்.

"தண்ணியில ஆர்சனிக் இருக்குதுங்க" என்றேன் மெதுவாக.

"என்னங்க?"

"ஆர்சனிக்குங்க!"

"ஆர்கானிக்குங்களா?" முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தானுங்க நானும் எல்லார்த்துகிட்டயும் சொல்றேன்! எங்கப்பன் போட்ட போருங்க. எளநியாட்டம் இருக்கும். ஒரு சொட்டு மருந்து கலக்கறதில்லீங்க!"

டாக்டர் மும்தாஜ் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"பாஷாணமுங்க! உங்க போர்த் தண்ணியில பாஷாணம் இருக்குது! உங்க காது போனது அதுலதான்! கையில காய்ச்சிருக்கறது அதுலதான்! இங்க குடிக்கற அத்தனை பேருக்கும் அதேதான்!"

மெதுவாகச் சொல்ல வேண்டிய சேதி குழாயடி முழுக்கக் கேட்டுவிட்டது. குடங்கள் நின்ற இடத்தில் நின்றன.

சென்னியப்பன் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. "எங்கப்பன் தர்மத்துக்கு உட்ட தண்ணிய விசம்ங்கறீங்களா? இருங்க" என்று போய், குழாயில் ஒரு சொம்பு பிடித்து எங்கள் முன்னால் நின்று மடமடவென்று அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "செத்துட்டனுங்களா? பாருங்க!" என்றார்.

சூப்பர்வைசர் ஒருவன் கைதட்டினான். இன்னும் நாலு பேர் தட்டினார்கள். ஒரு சொம்பில் சாகடிக்கிற விஷத்தைத்தான் இவர்களுக்குத் தெரியும். பத்து வருஷம் எடுத்துக்கொண்டு பொறுமையாகத் தின்கிற விஷத்துக்கு யார் கைதட்டுவது?

அந்தக் கைதட்டலுக்கு நடுவே எஸ்தர் வந்தாள். தன் வீட்டுக்குள் போய், நிரப்பி வைத்திருந்த குடங்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து அவர் காலடியில் மண்ணில் சாய்த்தாள். கடைசிக் குடத்தைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவளும் காது மந்தம், அவரும் காது மந்தம். ஆகவே ஊருக்கே கேட்கும்படிதான் பேசினாள்.

"பெத்த பிள்ளைக்கு வத்த வச்சுக் குடுத்தேன் ஓனர்! எங்கையால குடுத்தேன்! நீங்க உங்க அப்பா பேரைக் காப்பாத்துங்க. நான் எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"உன்னைய யாரும் காலி பண்ணச் சொல்லலியே" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"நானேதான் போறேன்."

போனாள். அந்த வாரமே வேறு லைனுக்குக் குடி மாறினாள், புருஷனும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். மற்றவர்கள் போகவில்லை. ஆனால் மறுநாள் காலை அந்தக் குழாயில் ஒரு குடமும் நிற்கவில்லையாம். சென்னியப்பன் தோற்றதாக ஒத்துக்கொள்கிற சாதி இல்லை. மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். அந்த மோட்டார் ரிப்பேர் அவர் சாகும்வரை நீடித்தது. அப்புறம் வருஷா வருஷம் என்னிடம் காது சோதிக்க வருவார். தண்ணீரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கையை மட்டும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

தொழில் முனைவோரை மிரட்டியதாக என்மேல் புகார் போனது. டாக்டர் கனகராஜ் என்னை நிற்க வைத்து, ஆஸ்பத்திரி மானத்தைச் சந்தியில் விட்டதாகச் சொன்னார். அதற்குள் சேதி பரவிவிட்டதால் அதிகாரிகள் வந்தார்கள். பாறையிலிருந்து வந்ததா, பக்கத்தில் எந்தக் காலத்திலோ இருந்த மருந்துக் கிடங்கிலிருந்து வந்ததா என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு, எதையும் முடிவு செய்யாமல், போர்க் குழாய்க்கு மூடி போட்டுச் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தனி ஆளின் காதைப் பார்த்து, இதைக் கெடுத்தது ஆர்சனிக்தான் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. நானும் செய்ததில்லை. ஆனால் அந்த லைனில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டுச் சோதித்தேன். அதிக காலம் குடித்தவர்களுக்கு அதிகம் கெட்டிருந்தது. சத்தமில்லாத வேலையில் இருந்தவர்களுக்கும் கெட்டிருந்தது. நெட்டிங் ஓட்டியவர்களுக்குக் குழியும் இருந்தது, தாழ்வும் இருந்தது. அதே கம்பெனியில் அதே மெஷின் ஓட்டி, வெளியே குடியிருந்து ஆற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் குழி மட்டும் இருந்தது. இதற்குமேல் காது என்ன சாட்சி சொல்லும்?

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் கனகராஜ் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். கட்டுரை, படங்கள், எல்லாம் நான் போட்ட கோடுகள். அதற்காக ஒரு கேடயம் வாங்கி வந்து மேஜையில் வைத்திருந்தார்.

"அதுல டாக்டர் மும்தாஜ் பேரும் இல்லை, எம் பேரும் இல்லீங்களே சார்" என்றேன்.

"உங்களுக்குத்தான் பேரு புகழ்ல ஆசை கெடையாதே அம்மிணி."

"கெடையாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மும்தாஜ் அதற்கு முன்பே மாற்றல் வாங்கிப் போயிருந்தார்.

எஸ்தருக்கும் ஜெனிட்டாவுக்கும் கைகள் மெல்ல மெல்ல மிருதுவாயின, புள்ளிகளும் ஓரளவு மங்கின. போன காது திரும்பவில்லை. ஜெனிட்டாவுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். முதல் நாள் மாட்டியபோது அவள் அழுதாள். கூரைமேல் காக்காய் நடக்கிற சத்தம் பயமாக இருந்ததாம். மக்கு என்ற டீச்சரின் வகுப்பிலேயே படித்து, பி.காம் முடித்து, இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஈமெயில் பார்க்கிற வேலையில் இருக்கிறாள்.

போன கோடையில் அவளிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. போரைத் திறந்துவிட்டார்கள் என்று.

சென்னியப்பனின் மகன் கோகுல் இப்போது முதலாளி. ஊட்டி ஹாஸ்டல் தண்ணீர் குடித்து வளர்ந்ததால் காது துல்லியமாகக் கேட்கும். லாரித் தண்ணீர் கிடைக்காத கோடையில், கழுவுவதற்கு மட்டும் என்று சொல்லி மூடியைக் கழற்றி மோட்டார் போட்டுவிட்டான். லைனில் இப்போது இருப்பது ஒடிசாக்காரப் பிள்ளைகள். கழுவ மட்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள், எந்த பாஷையில் சொன்னார்கள்? இனிப்பான தண்ணீரை அவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜெனிட்டா குழாய்க்கு முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில், கையை விரித்துக் காட்டி, காதைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பையன்கள் பாட்டில்களைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கார் வந்து நின்றது. கோகுல் இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினான். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய், வேலைக்கு வைத்த ஆட்களைக் கலைக்கிறாயா, உன் ஆத்தா அன்றைக்கு எங்கப்பன் மானத்தை வாங்கினாள், இன்றைக்கு நீயா என்று. அவள் பதில் சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் இன்னும் உரக்கக் கத்தினான்.

ஜெனிட்டா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். பிறகு வலக்காது மெஷினைக் கழற்றினாள். இடக்காது மெஷினைக் கழற்றினாள். இரண்டையும் கைப்பையில் இருந்த குட்டி டப்பாவில் வைத்து மூடினாள். முகத்தை அவன் பக்கமிருந்து திருப்பி, குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கத்தினான். கத்திக்கொண்டே இருந்தான். கேட்காத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவது? ஒடிசாப் பையன்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லோருமே சிரித்தார்கள். கோகுலுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தினான்.

அவன் நிழல் அசையாமல் நின்றதைப் பார்த்து அவள் திரும்பினாள். நிதானமாக டப்பாவைத் திறந்து இரண்டு மெஷின்களையும் மாட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சுதுங்களாண்ணா? மோட்டாரை எப்பத் தூக்கறீங்க?" என்று கேட்டாள்.

பாட்டில்களைக் கொட்டிவிட்டுப் பையன்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் அவன் வேறு என்ன செய்வான்? அன்று சாயங்காலமே மோட்டாரைத் தூக்கினார்கள். போர்க் குழாய்க்குள் கான்கிரீட் கொட்டுகிறவரை அவள் அங்கிருந்து நகரவில்லை.